கூடாரத்தில் மூன்று தண்ணீர்த் துப்பாக்கிகள்

மூன்று தண்ணீர்த் துப்பாக்கிகளைக் காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு தாட்சாயணி கோயம்புத்தூரிலிருந்து கிளம்பியபோது, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். பம்பு, தெளிப்பான், தீயணைப்புக் குழாய் என்று தண்ணீரைத் தள்ளும் எதுவானாலும் அவள் வேலைபார்க்கும் சோதனைக்கூடத்துக்கு வரும். எவ்வளவு தூரம் அடிக்கிறது, எத்தனை தடவை அடித்தால் மக்கர் செய்கிறது என்று பார்த்து அவள் சான்றிதழ் எழுதுவாள். பதினோரு வருடமாக அதுதான் வேலை. துப்பாக்கி என்ற பெயரில் ஒன்று வந்தது இதுவே முதல் தடவை.

சோதனை கேட்டிருந்தது உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் கிர்ணிப்பழம் போடும் ஒரு பண்ணை. தேனீக்கள் அற்றுப்போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோக ஆளில்லாமல் பூசணி, பீர்க்கு, கிர்ணி எல்லாம் பிஞ்சிலேயே வெம்பி விழுந்தன. பிறகுதான் விரல்நக அளவில் பறக்கும் இயந்திரங்கள் வந்தன. காகிதத்தில் அவற்றுக்கு நீளமான பெயர். தோட்டத்து ஆட்கள் வைத்த பெயர் வண்டு. அது கொட்டாது, கடிக்காது. பூவுக்குள் புகுந்து உடம்பை அதிரவைத்து, வயிற்று மயிரில் மகரந்தத்தை ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும்.

"அப்புறம் எதுக்குத் துப்பாக்கி?" என்று பண்ணை மேலாளர் நவநீதனிடம் கேட்டாள். முப்பது வயதுகூட இருக்காது அவனுக்கு. நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தான்.

"மகரந்தம் எங்க இருக்கோ அங்க போகும் மேடம். நாள் முழுக்கப் பூவுக்குள்ள நிக்கிற பொம்பளைங்க மேலயும் அது ஒட்டியிருக்குமில்லீங்களா? சீசன் கடைசில பூ கம்மி, வண்டு அதே ஆறாயிரம். பூ எது ஆள் எதுன்னு அதுக்குத் தெரியறதில்லைங்க. மூக்கு, காதுன்னு உள்ள போகப் பாக்குது. றெக்கை நனைஞ்சா விழுந்துரும். பத்து நிமிஷம் காஞ்சா எந்திரிச்சுப் பறந்துரும். வண்டுக்குச் சேதாரம் ஆகக் கூடாது, ஆளுக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது. மூணுல எது தேவலைன்னு நீங்க எழுதிக் குடுத்தா வாங்கிருவோம்."

வண்டை அவன் முதலில் சொன்னதைத் தாட்சாயணி கவனித்தாள்.

கூடாரம் என்றார்களே தவிர, அது நாற்பது ஏக்கரை மூடிய இரும்புச் சட்டமும் வலையும். ஒரே வாசல். வாசல் தூணில் ஓர் ஆள் உயரத்துக்கு வண்டுகளின் கூடு. அதன் தலைக்குமேல் சிவப்பு எழுத்தில் எண் காட்டும் பலகை. அப்போது அதில் சுழியம் இருந்தது.

"மணி அடிச்சு முப்பது விநாடில கதவு சாத்திக்கும். கதவு சாத்துனாத்தான் கூடு திறக்கும். அத்தனை வண்டும் கூட்டுக்குத் திரும்பி, போர்டுல சுழியம் வந்தாத்தான் மறுபடி கதவு திறக்கும்" என்றான் நவநீதன். "இது விதைப் பயிரு மேடம். இந்த மகரந்தம் வெளிய போகக் கூடாதுன்னு அரசு உத்தரவு. ஒரு வண்டு தப்பிச்சாலும் உரிமம் போயிரும். இன்னைக்கு மேகமா இருக்கறதால கூடு திறக்காது, பயப்படாதீங்க. உங்களுக்கு அந்தக் கணக்குல சேராத இருநூறு வண்டு தனியா ஒரு வலைக்கூண்டுல விட்டு வெச்சிருக்கோம். மயிலாத்தா கூட வருவாங்க."

மயிலாத்தாளுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். சேலைக்குமேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, புருவத்தில்கூட மஞ்சள் பொடி. வணக்கம் வைத்துவிட்டு மூன்று துப்பாக்கிகளையும் தூக்கிப் பார்த்தாள். "இதா இதத் தூக்கீட்டு எப்படிங்க காய் பறிக்கறது?" என்று இரண்டாவதைக் காட்டிக் கேட்டாள். பதில் எதிர்பார்க்கவில்லை. அதையே முதுகில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வலைக்கூண்டு வாசலிலிருந்து நூறு மீட்டர் உள்ளே இருந்தது. முதல் துப்பாக்கி பேட்டரியில் ஓடுவது. ஒரு கைப்பிடித் தண்ணீரைக் குண்டுபோலப் பதினான்கு மீட்டர் அடித்தது. ஆனால் ஒரு தடவை அடித்தால் ஒரு வண்டுதான் விழுந்தது. முப்பது தடவை அடித்ததும் பிடி சுட்டு, தானாக நின்றுகொண்டது. இரண்டாவது, முதுகுத் தொட்டியில் காற்றை அழுத்திவைத்து விசிறிபோல் அடிப்பது. ஒரே வீச்சில் கூண்டில் பாதி காலி. நாற்பது விநாடியில் தொட்டி தீர்ந்துவிடும். நிரப்பி மறுபடி காற்றடிக்க இரண்டு நிமிடம். மூன்றாவது கையால் இழுத்துத் தள்ளும் பிளாஸ்டிக் சாமான், திருவிழாக் கடையில் தொங்குவதுபோல் ஆரஞ்சு நிறம். நாலு மீட்டர்கூடப் போகவில்லை. தாட்சாயணி 'தகுதியில்லை' என்று எழுதப் போனாள்.

அப்போது காகிதத்தில் அவள் கையின் நிழல் விழுந்தது. மேகம் விலகியிருந்தது.

மணி அடித்தது.

"ஓடுங்க!" என்றாள் மயிலாத்தாள்.

துப்பாக்கிகளோடு ஓடினார்கள். கொடிகளுக்கு நடுவே சொட்டுநீர்க் குழாய் கசிந்த இடமெல்லாம் சேறு. பாதி வழியில் தாட்சாயணியின் கால் வழுக்கியது. பூக்கொடிமேல் குப்புற விழுந்து எழுந்தபோது வாயிலும் கண்ணிலும் மகரந்தம். முன்னால் வாசலை நெருங்கிவிட்டிருந்த மயிலாத்தாள் திரும்பி அவளைப் பார்ப்பது தெரிந்தது. அடுத்து அவள் இந்தப் பக்கமாக ஓடிவருவது தெரிந்தது. கதவு அவளுக்குப் பின்னால் நழுவிச் சாத்திக்கொண்டது.

பலகையில் 6000 என்று வந்தது.

தூணில் பேசும் பெட்டி இருந்தது. "நவநீதன், திறங்க! நாங்க ரெண்டு பேரும் உள்ள இருக்கோம்."

"ஐயோ மேடம்... வெயில் வந்தா அதுவாத்தான் திறந்துக்கும், இப்ப வரும்னு எதிர்பாக்கலைங்க." என்றான் நவநீதன். "இங்கிருந்து திறக்க முடியாதுங்க. எங்க யாராலயும் முடியாது. பூவெல்லாம் பன்னெண்டு மணிக்கு வாடிரும், வண்டு தானா கூட்டுக்கு வந்துரும். அதுவரைக்கும் சமாளிங்க. துப்பாக்கி இருக்குதுங்கல்ல?"

மணி அப்போது பத்து.

வண்டுகள் முதலில் புகைபோலக் கொடிகள்மேல் பரவின. கால் மணி நேரம் அவர்களை ஒன்றும் சீண்டவில்லை. வாசலருகே இருந்த பாசனத் தொட்டியை ஒட்டி இருவரும் முதுகோடு முதுகாக நின்றார்கள். பிறகு ஒன்று வந்து தாட்சாயணியின் கன்னத்தில் உட்கார்ந்தது. கைப்பேசி அதிர்வதுபோல் ஒரு கூச்சம். அதைத் தட்டிவிட்டாள். அதற்குள் பத்து வந்துவிட்டன. அதற்கப்புறம் எண்ண முடியவில்லை.

முதல் துப்பாக்கி இரண்டு நிமிடத்தில் பிடி சுட்டு நின்றது. அதைத் தூக்கி எறிந்தாள். இரண்டாவது வீசியபோது வண்டுகள் மழைபோல் உதிர்ந்தன. ஆனால் தொட்டியை நிரப்பிக் காற்றடிக்கும் இரண்டு நிமிடத்துக்குள் அடுத்த கூட்டம் முகத்தை மூடியது. உதட்டைத் திறக்க முடியவில்லை. இமைக்கு அடியில் ஒன்று நுழையப் பார்த்தது. அந்த நேரமெல்லாம் மயிலாத்தாள்தான் நின்றாள். ஆரஞ்சுத் துப்பாக்கியை இழுப்பதும் தள்ளுவதுமாக, முதலில் தாட்சாயணியின் முகத்தில், அடுத்து தன் முகத்தில் அடித்தாள். அது ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"கண்ண மூடீட்டுக் காத்தடிங்க அம்மிணி! நான் பாத்துக்கறேன்!"

இரண்டு மணி நேரம் அப்படியே போயிற்று.

பன்னிரண்டு மணிக்கு, ஏதோ சொல்லிவைத்ததுபோல் வண்டுகள் மேலெழும்பிக் கூட்டின் வாய்க்குள் வரிசையாகப் போகத் தொடங்கின. பலகையில் எண் குறைந்தது. நாலாயிரம், இரண்டாயிரம், ஆயிரம். தாட்சாயணி தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். 743-க்கு வந்ததும் வேகம் குறைந்தது. உலர்ந்த மண்ணில் விழுந்தவை ஒவ்வொன்றாக எழுந்து போயின. 611-க்கு வந்ததும் எண் அப்படியே நின்றது.

"நவநீதன், மிச்சம் வரலையே?"

"காஞ்சதும் வந்துரும் மேடம்."

"சேத்துல புதைஞ்சு கிடக்கறது எப்படிக் காயும்?"

"பழுது பாக்கறவங்களுக்குப் போன் பண்ணிட்டோம். நாளைக்கு வர்றேன்னாங்க. ஆனா அவங்க வந்தாலும் உள்ள வரக் கதவு..." அவன் முடிக்கவில்லை.

வலைக்குள் வெயில் இறங்கிக் கொதித்தது. தாட்சாயணிக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அந்த அறுநூற்றுப் பதினொன்றையும் வீழ்த்தியது அவள்தான். இரண்டாவது துப்பாக்கி எவ்வளவு நன்றாக அடித்ததோ அவ்வளவு நேரம் அவர்கள் உள்ளேயே கிடக்க வேண்டும். அடிக்காமல் இருந்திருந்தால் கதவு இந்நேரம் திறந்திருக்கும். ஆனால் வெளியே வர மூச்சு மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். துப்பாக்கி எது என்பதில் ஒன்றுமே இல்லை.

மயிலாத்தாள் எழுந்து முந்தானையை இடுப்பில் மடித்துக் கட்டினாள். "அது வராட்டி நாம கொண்டுபோய்ப் போட்டாப் போகுது."

"எதை?"

"வண்டத்தானுங்க. பொறுக்கிக் கழுவிக் கூட்டுவாயில போட்டா எண்ணாதா?"

ஒன்றைச் சேற்றிலிருந்து எடுத்துத் தொட்டியில் அலசி, கூட்டின் வாய்க்குள் விட்டாள். பலகை 610 காட்டியது.

மடிநிறையப் பொறுக்கினார்கள். குனிந்து, தவழ்ந்து, இலைகளைப் புரட்டி, சேற்றை விரலால் துழாவி. பொறுக்கும்போதே தாட்சாயணி கேட்டாள், "அக்கா, நீங்க வெளிய போயிருக்கலாமே. வாசல்கிட்டப் போயிட்டீங்க."

"போயிருக்கலாமுங்க." இலையடியிலிருந்து இரண்டை எடுத்து மடியில் போட்டாள். "போன மாசம் எங்க ருக்குமணியக்கா இப்படித்தான் மாட்டிக்கிச்சு. நான் வெளிய நின்னு வலை வழியாப் பாத்துட்டேதான் இருந்தேன். கூப்புடுது, கூப்புடுது, ஒண்ணும் பண்ண முடியலீங்க. இப்ப அதுக்கு ரெண்டு காதும் கேக்கறதில்ல. இன்னொருக்கா வெளிய நின்னு பாக்க என்னால முடியாதுங்க."

நாலு மணிக்குப் பலகையில் 1 இருந்தது.

அந்த ஒன்று கிடைக்கவில்லை. ஒவ்வொரு பாத்தியாகத் தேடினார்கள். சேலை மடிப்பை உதறினார்கள். தலைமயிரைக் கோதிப் பார்த்தார்கள். தொட்டியின் அடியைத் துழாவினார்கள்.

"பக்கத்துலதான் எங்கயோ இருக்கு" என்றாள் தாட்சாயணி. "சத்தம் கேக்குது பாருங்க, ங்ஙுன்னு."

மயிலாத்தாள் உன்னிப்பாகக் கேட்டாள். "எனக்குக் கேக்கலீங்களே. எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்." அந்தப் பக்கம் திரும்பினாள். சத்தமும் அவளோடு திரும்பி மறுபடி வலப்பக்கமே நின்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாட்சாயணியின் கை மெல்ல வலது காதுக்குப் போனது.

"தொடாதீங்க!" மயிலாத்தாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "குச்சி விட்டா இன்னும் உள்ளதான் போகும். ருக்குமணியக்காவுக்கு அப்படித்தான் ஆச்சு."

"தண்ணி" என்றாள் தாட்சாயணி. "அந்த ஆரஞ்சை எடுங்க. கால்வாசிதான் இழுக்கணும். ரொம்ப மெதுவாத் தள்ளணும். மத்தது ரெண்டும் காதுப் பறையைக் கிழிச்சுரும்."

மண்ணில் ஒருக்களித்துப் படுத்தாள். வெயிலில் சூடேறிய தண்ணீர் காதுக்குள் நூலாக இறங்கியது. உள்ளே இருந்தது மிரண்டுபோய்ச் சுழன்றது. மண்டைக்குள் மாவு மில் ஓடுவதுபோல் இருந்தது. அவள் கத்தினாள். மயிலாத்தாள் நிறுத்தவில்லை, வேகப்படுத்தவும் இல்லை. அவ்வளவு நேரம் வெறிபிடித்ததுபோல் அடித்த கை, இப்போது அத்தனை நிதானமாக இருந்தது. ஏழாவதோ எட்டாவதோ தடவையில் தண்ணீரோடு அது வழுக்கிக் கன்னத்தில் விழுந்தது.

மயிலாத்தாள் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டுபோய்ப் போட்டாள். கதவு திறந்தது.

வெளியே நவநீதன் அழுதுவிடுவான்போல நின்றிருந்தான். தண்ணீர் பாட்டில் வைத்திருந்தான். அவனைத் திட்டத் தாட்சாயணிக்குத் தெம்பில்லை.

சான்றிதழில் அவள் எல்லாவற்றையும் எழுதினாள். தூரம், வீச்சு, எத்தனை தடவை அடித்ததும் நின்றது, நிரப்ப எவ்வளவு நேரம். பதினான்காவது பத்தியில், சோதனையின்போது இருவர் ஆறு மணி நேரம் உள்ளே பூட்டப்பட்டிருந்ததையும், விழுந்த வண்டுகளைக் கையால் பொறுக்கிப் போட்டுத்தான் வெளியே வர முடிந்ததையும், எந்தத் துப்பாக்கியும் இதற்குத் தீர்வல்ல என்பதையும் எழுதினாள். சோதனைக்கூடத் தலைவர் ஞானசேகர் அந்தப் பத்தியைப் பார்த்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"துப்பாக்கியத்தானம்மா கேட்டாங்க. இது எதுக்கு?"

"இது இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு பத்தி அப்படியே போயிற்று. தன் வேலையில் முதல்முறையாக ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

இரண்டு வாரம் கழித்து அதே பண்ணையிலிருந்து புதிய கடிதம் வந்தது. மூன்று வகைக் கூடைகளை ஒப்பிட்டுச் சோதித்துத் தர வேண்டும். ஈரத்தில் எது நிற்கும், சேற்றை எது வடிக்கும் என்று பார்க்க வேண்டும். கூடவே புதிய பணிமுறை இணைக்கப்பட்டிருந்தது. இனி ஒவ்வொரு காலையும் துப்பாக்கியும் கூடையுமாக இரண்டு பெண்கள் சாத்திய கூடாரத்துக்குள் பன்னிரண்டு மணிவரை இருப்பார்கள். ஈரத்தில் விழும் வண்டுகளை உடனுக்குடன் பொறுக்கிக் கூட்டில் சேர்ப்பார்கள். பழைய முறையில் நூற்றுக்கு மூன்று வண்டு பழுதாகித்தான் கூட்டுக்குத் திரும்பியது. கையால் பொறுக்கிய அன்று ஒன்றுகூடப் பழுதாகவில்லை. ஆதாரம்: சான்றிதழ், பத்தி பதினான்கு.

தாட்சாயணி அதை இரண்டு தடவை படித்தாள். ஞானசேகரிடம் போய், கூடை வேலையைத் தன்னால் செய்ய முடியாது என்றாள். மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பண்ணைக்குப் போனாள்.

காலை எட்டு மணி. பெண்கள் பன்னிரண்டு பேர் வாசலுக்கு வெளியே நின்றிருந்தார்கள்.

"நீங்க எழுதுனதுன்னு நவநீதன் சார் படிச்சுக் காமிச்சாருங்க" என்றாள் மயிலாத்தாள்.

"நான் அதுக்காக எழுதலைக்கா."

"தெரியுமுங்க. இல்லாட்டி இவ்வளவு தூரம் வருவீங்களா?" மயிலாத்தாள் கதவைப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கோணும். இந்தக் கதவு சாத்தறப்ப நடுவுல ஆள் நின்னா என்ன ஆகும்?"

"நின்னுரும். நசுக்காது. கதவோரத்துல இருக்கற கண்ணாடிக் கண்ணு ஆள் நிக்கறதைப் பாத்துக்கும்."

"அப்பக் கூடு?"

தாட்சாயணி பதில் சொல்ல வாயெடுத்து, அப்படியே அவளைப் பார்த்தாள். "திறக்காது. கதவு சாத்துனாத்தான் கூடு திறக்கும்."

"கிர்ணிப் பூ ஒரு நாள்தானுங்க இருக்கும். பன்னெண்டு மணிக்கு வாடிரும்" என்று மயிலாத்தாள் மற்றவர்களிடம் சொன்னாள். பிறகு வாசலின் இரும்புத் தடத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தாள். ருக்குமணியக்காவுக்கு யாரோ கைசாடையில் சொன்னார்கள். அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகப் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

மணி அடித்தது. கதவு நகர்ந்து வந்து, அவர்கள் தோளுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பலகையில் சுழியம் அசையவில்லை.

நவநீதன் ஓடிவந்தான். "என்னங்க்கா இது? எந்திரிங்க. மேடம், நீங்களாச்சும் சொல்லுங்க. எவ்வளவு நேரம் இப்படி உக்காந்திருப்பாங்க?"

"உள்ளிருந்து திறக்கறாப்புல ஒரு கைப்பிடி வர்ற வரைக்கும்" என்றாள் மயிலாத்தாள்.

"கைப்பிடி வெச்சா வண்டு வெளிய போயிரும்க்கா. உரிமம்..."

"போகாது" என்றாள் தாட்சாயணி. தன் நோட்டைத் திறந்து முழங்காலில் வைத்து வரைந்து காட்டினாள். இந்தக் கதவுக்கு வெளியே பத்தடிக்கு ஒரு வலை அறை. அதற்கு இன்னொரு கதவு. உள்ளிருந்து இதைத் திறந்து அறைக்குள் வந்து, இதைச் சாத்திவிட்டு அதைத் திறக்க வேண்டும். ஒட்டிவந்த வண்டை அந்த அறையிலேயே பிடித்துக்கொள்ளலாம். "உங்க மேலிடத்துக்கு அனுப்புங்க. சான்றிதழ் நான் எழுதறேன்." வரைந்து முடித்ததும் அவளும் தடத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

அன்று பூக்கள் தொடாமலே வாடின. மறுநாளும் வாடின. பேச ஆட்கள் வந்தார்கள், மிரட்ட ஆட்கள் வந்தார்கள். சோதனைக்கூடத்திலிருந்து தாட்சாயணிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் மதியம் வெல்டரும் இரண்டு ஆட்களும் இரும்புக் குழாயோடு வேனில் வந்து இறங்கினார்கள்.

வேலை முடிய நாலு நாள் ஆயிற்று. கைப்பிடி சாதாரண இரும்புக் கம்பிதான், பச்சை வர்ணம் அடித்திருந்தது. சோதித்துச் சான்றிதழ் எழுதத் தாட்சாயணி போனபோது, மயிலாத்தாள் அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"நான் போறேனுங்க. நீங்க வெளியில நில்லுங்க."

உள்ளே போய், சாத்தச் சொன்னாள். நவநீதன் பொத்தானை அழுத்தினான். கதவு நழுவி மூடிக்கொண்டது. வலைக்கு அந்தப் பக்கம் அவள் உருவம் மங்கலாகத் தெரிந்தது. தாட்சாயணி நிறுத்துகடிகாரத்தை அழுத்தினாள். ருக்குமணியக்கா வலையில் நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பி இழுபடும் சத்தம். கதவு திறந்தது. மயிலாத்தாள் வலை அறைக்குள் வந்து நின்றாள்.

ஆறு விநாடி என்று தாட்சாயணி எழுதிக்கொண்டாள். "நல்லா வேலை செய்யுதுக்கா. வாங்க."

மயிலாத்தாள் வரவில்லை. கைப்பிடியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே திரும்பிப் போனாள்.

"இன்னொருக்கா சாத்துங்க" என்றாள்.